சிறுநீரகத்துக்கும் இரவு வேண்டும்

சின்னம்மாவின் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சிறுநீரகம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்தபோது மருத்துவமனையில் கொடுத்தது. அச்சு பர்மிய மொழியில்; பக்கத்தில் மருமகள் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். உப்பைக் குறைக்க வேண்டும், நாப்பி என்கிற மீன் விழுதும் கருவாடும் வேண்டாம், இளநீரும் வாழைப்பழமும் டாக்டரைக் கேட்காமல் கூடாது, இறைச்சி அளவோடு, வலி மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது, சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் வேலை செய்கிறவன் நான். அந்தத் தாளில் ஒரு வரிகூடத் தவறில்லை என்று என்னால் சொல்ல முடியும். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் என்ன செய்வது, மதியம் எதைச் சாப்பிடுவது என்பதெல்லாம் இருக்கிறது. இரவைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

யாங்கோனில் இப்போது இரவு எப்படிப் போகிறது என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் முறை வைத்து வருகிறது. நம் பகுதியின் முறை நள்ளிரவு ஒரு மணிக்கு விழுந்தால், வீடும் ஒரு மணிக்குத்தான் விழிக்கிறது. தெருவில் யாராவது ‘மீ லாபி’, அதாவது கரண்ட் வந்துவிட்டது, என்று குரல் கொடுப்பார்கள். உடனே எல்லா மாடிகளிலும் விளக்கு எரியும், மோட்டார் ஓடும், அரிசி உலையில் ஏறும், இன்வெர்ட்டரும் போன்களும் சார்ஜில் போகும். தொட்டி நிறைய வேண்டும், துணி துவைய வேண்டும், இஸ்திரி முடிய வேண்டும். கரண்ட் திரும்பப் போவதற்குள் ஒரு நாளின் வேலை முழுவதும் அந்தச் சில மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். இதை யார் செய்கிறார்கள் என்று எங்கள் உறவுக்காரர் வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் வீட்டில் மூத்த பெண்மணி. பெரும்பாலும் அவருக்குத்தான் சுகரும் பிரஷரும் இருக்கிறது.

நடு இரவில் கட்டிய பிரஷர் பட்டை

சின்னம்மாவுக்குப் பகலில் பிரஷர் நன்றாகத்தான் இருந்தது. மருத்துவமனைக்குப் போகும்போது 130-ஐ ஒட்டி வரும். வீட்டிலும் அப்படித்தான். கால் வீக்கம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரில் புரதம் கசிவது மட்டும் குறையவில்லை, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று அவர் மகனை ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். போடுகிறார். நானே எடுத்துக் கொடுத்த மாத்திரைகள்; அட்டைகளை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் இரவு அங்கே தங்கியிருந்தபோது கரண்ட் வந்தது. சின்னம்மா எழுந்து மோட்டாரைப் போட்டுவிட்டு, அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பிரஷர் மெஷின் பக்கத்திலேயே இருந்ததால் கட்டிப் பார்த்தோம். 168. “தூக்கம் கெட்டா அப்படித்தான் தம்பி, விடு” என்றார். நான் விடவில்லை. மறுமுறை மருத்துவமனைக்குப் போனபோது கூடவே போய்ச் சயாமாவிடம், அதாவது அங்குள்ள பெண் டாக்டரிடம், சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எழுந்து வேலை செய்த பிறகு பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர் எழுவதற்கு முன்னால், படுத்தபடியே பாருங்கள்” என்றார்.

அப்படியே செய்தோம். தம்பி, அதாவது சின்னம்மாவின் மகன், கைவிளக்கை மங்கலாக வைத்துக்கொண்டு படுக்கையில் இருந்தபடியே பட்டையைக் கட்டினான். வெவ்வேறு இரவுகளில் 150-க்கு மேலேயே வந்தது. பகலை விட இரவில் அதிகம். ஆரோக்கியமான உடம்பில் தூக்கத்தின்போது பிரஷர் பத்து முதல் இருபது சதவீதம் இறங்க வேண்டும். சிறுநீரகம் பழுதான பலருக்கு இந்த இறக்கம் நடப்பதே இல்லை. சிலருக்கு ஏறவே செய்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வரப்போகும் கேட்டை முன்கூட்டிச் சொல்வதில் பகல் அளவை விட இரவு அளவு நம்பகமானது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அதாவது, மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் மட்டும் அளந்துகொண்டிருந்ததால், முக்கியமான அளவு எங்கள் கண்ணிலேயே படாமல் இருந்தது.

இரவில் ஏன் இறங்கவில்லை? சயாமா சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல சிறுநீரகம் பகலில் சாப்பிட்ட உப்பைப் பகலிலேயே வெளியேற்றிவிடும். இரவில் வடிகட்டலும் குறையும், சிறுநீரும் குறையும், நாம் எழாமல் தூங்குவோம். பலவீனமான சிறுநீரகத்தால் பகலுக்குள் அந்த வேலையை முடிக்க முடிவதில்லை. மிச்சமிருக்கும் உப்பைத் தள்ளுவதற்கு இரவிலும் பிரஷர் உயர்ந்தே நிற்க வேண்டியிருக்கிறது. சின்னம்மா இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் இதோடு சேர்ந்ததுதான். நம் ஊர்ச் சாப்பாட்டில் நாப்பியும் மீன் சாறும் இல்லாத பொழுது எது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் சாப்பிடும் மோகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸிலேயே உப்புத் தொடங்கிவிடுகிறது.

இருட்டின் செய்தி

அதற்கப்புறம்தான் சிறுநீரகத்தையும் இரவையும் சேர்த்துத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடல் போய் நின்றது மெலடோனின் என்ற ஹார்மோனில். அந்தப் பெயரைக் கடையில் தினமும் கேட்கிறேன். ‘தூக்க மாத்திரை மாதிரி, ஆனா பழக்கமாகாது’ என்று சொல்லிக் கேட்டு வருவார்கள். 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர், ஆயிரக்கணக்கான மாடுகளின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பிகளை அரைத்து அதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தோல் நிறம் சம்பந்தப்பட்ட ஒரு மருந்தை. தவளையின் தோலை வெளுக்க வைக்கும் பொருளாகத்தான் அது முதலில் பிடிபட்டது. தூக்கத்தோடு அதை இணைத்தது பின்னால் வந்தது. அந்த இணைப்பு முழு உண்மையும் இல்லை. எலி இரவில் விழித்து ஓடுகிற பிராணி. அதற்கும் மெலடோனின் இரவில்தான் சுரக்கிறது. ஆக, அந்த ஹார்மோன் உடம்புக்குச் சொல்வது ‘தூங்கு’ என்பதல்ல, ‘வெளியே இருட்டிவிட்டது’ என்பது. இருட்டைக் கேட்டு என்ன செய்வது என்பது அந்தந்த உறுப்பின் பாடு.

அப்படியானால் கேட்பதற்குக் காது வேண்டும். அந்தக் காதுகள்தான் மெலடோனின் ஏற்பிகள். எம்டி1, எம்டி2 என்று மனிதர்களுக்கு இரண்டு. 1994-லும் 1995-லும் இவற்றின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். 2019-ல் இரண்டின் முப்பரிமாண அமைப்பும் வெளியானது. செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதங்கள் இவை. மெலடோனின் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப் பொருளின் உற்பத்தியைக் குறைக்கின்றன. மூளையில் இவை இருப்பது எல்லாரும் எதிர்பார்த்தது. 1990-களில் கதிரியக்க அயோடின் ஏற்றிய மெலடோனினை வைத்து மற்ற உறுப்புகளிலும் தேடினார்கள். ஒரு குழு கினிப்பன்றியின் சிறுநீரகத்தில், உப்பையும் சர்க்கரையையும் மீட்டெடுக்கும் முதல் வளைவுக் குழாய்களின் செல்களில், இரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் அது போய் ஒட்டுவதைக் கண்டது. 1998-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் ஆய்வாளர்கள் மனிதக் கருவின் சிறுநீரகத்திலேயே அந்த ஏற்பிகள் இருப்பதைப் பதிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். கருவிலிருக்கும் குழந்தைக்குத் தன் சொந்த மெலடோனின் தாளம் கிடையாது. பிறந்து மூன்று மாதம் ஆகும் வாக்கில்தான் அது தொடங்குகிறது. கருவில் இருக்கும்வரை அதற்குக் கிடைக்கும் மெலடோனின் பெரும்பாலும் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருவது. பிறந்த பிறகு இரவுத் தாய்ப்பாலில் கொஞ்சம் வருகிறது. அப்படியென்றால், கண் திறப்பதற்கு முன்பே, சிறுநீர் பிரிக்கும் வேலையை முழுதாக ஏற்பதற்கு முன்பே, அந்தச் சின்னஞ்சிறு சிறுநீரகம் அம்மாவின் இரவைக் கேட்கத் தயாராக இருக்கிறது. இவ்வளவு முன்னதாக உடம்பு ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது என்றால், அதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் எனக்குள் எழுந்த கேள்வி. சுவரில் ஒட்டிய தாளின் மேல் எனக்கிருந்த உறுத்தல் அன்றைக்குத்தான் ஒரு கருத்தாகத் திரண்டது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்திரையில் வெளிச்சத்தை அளக்கவென்றே தனிச் செல்கள் உண்டு. அவை மூளையின் தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்ல, அங்கிருந்து செய்தி தண்டுவடம் வழியாக இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சைத் தொட்டு, மறுபடி மேலேறிப் பீனியல் சுரப்பிக்குப் போகிறது. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் சுரப்பு சட்டென்று குறைகிறது. இரத்தத்தில் இருக்கும் மெலடோனின் முக்கால் மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். சாதாரணமாக அது உச்சத்தில் நிற்பது இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில். எங்கள் தெருவில் வெள்ளை எல்இடி விளக்குகள் அத்தனையும் எரிவது அந்த நேரத்தில்தான். கல்லீரல் அதைச் சிதைத்து அனுப்பும் எச்சம் சிறுநீரில் வெளியேறுகிறது. காலையில் போகும் முதல் சிறுநீரைச் சோதித்தே முந்தைய இரவில் எவ்வளவு சுரந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். சிறுநீரகம் பழுதாகப் பழுதாக இந்த இரவு உச்சம் தாழ்கிறது. டயாலிசிஸ் செய்பவர்கள் பலரிடம் அது எழுவதே இல்லை. சிறுநீரகத்தின் பெரும்பகுதியை வெட்டி எடுத்த எலிகளுக்கு மெலடோனின் கொடுத்தபோது, சிறுநீரகத்துக்குள்ளேயே பிரஷரை ஏற்றும் ரெனின்–ஆஞ்சியோடென்சின் அமைப்பு அடங்கியது, தழும்பும் குறைந்தது.

சுகர் பக்கமும் ஒரு கிளை உண்டு. எம்டி2 ஏற்பியின் மரபணுவில் உள்ள ஒரு சிறு மாற்றம் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களிலும் இந்த ஏற்பி இருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். 2022-ல் ஸ்பெயினில் 845 பேரை வைத்துச் செய்த ஆய்வில், படுக்கப் போகும் நேரத்துக்கு நெருக்கமாகச் சர்க்கரைக் கரைசலைக் குடித்தவர்களுக்கு இரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறியது. அந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். நடு இரவில் சூடாகச் சோறு வடித்ததும் ‘ஒரு வாய் சாப்பிட்டுப் படு’ என்று சொல்கிற வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த புட்டி

இதையெல்லாம் வீட்டில் பேசியதன் விளைவு, அமெரிக்காவில் இருக்கும் சின்னம்மாவின் மூத்த மகள் ஒரு பெரிய புட்டி மெலடோனின் மாத்திரையைக் கொடுத்தனுப்பினாள். குறைகிறது என்றால் நிரப்பிவிடலாமே என்று அவள் கேட்டது நியாயமான கேள்விதான். எனக்கும் அந்த ஆசை இருந்தது. 2004-ல் வெளியான ஒரு ஆய்வில், மருந்து எதுவும் எடுக்காத பதினாறு ஆண்களுக்கு மூன்று வாரம் இரவில் 2.5 மில்லிகிராம் கொடுத்தபோது தூக்கத்தின்போது மேல் பிரஷர் ஆறு புள்ளி இறங்கியது. நல்ல செய்தி. ஆனால் சின்னம்மா பிரஷருக்கு நிஃபெடிபைன் என்ற மாத்திரை எடுக்கிறார். 2000-ல் இத்தாலியில் நிஃபெடிபைன் எடுப்பவர்களுக்கு மெலடோனினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பிரஷர் இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. எங்கள் கடையில் பிரஷருக்கு வருகிற சீட்டுகளில் நிஃபெடிபைன் அடிக்கடி இருக்கும். அதே ஆள் பக்கத்துக் கடையில் மெலடோனினை வாங்கிச் சேர்த்துக்கொண்டால் கேட்க ஆளில்லை.

டயாலிசிஸ் நோயாளிகளிடமும் நெதர்லாந்தில் சோதித்தார்கள். மூன்று மில்லிகிராம் கொடுத்ததில் ஆரம்ப வாரங்களில் தூக்கம் தேறியது, இரவு உச்சமும் திரும்பியது. ஒரு வருடத் தொடர்ச்சியில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. போதாததற்கு, புட்டியில் எழுதியிருக்கும் அளவையும் நம்ப முடியாது. கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்த 2017-ம் ஆண்டு ஆய்வில், சிலவற்றில் எழுதியதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை, ஒன்றில் பல மடங்கு அதிகம். நான்கில் ஒன்றில் செரடோனின் என்ற வேறொரு மூளை வேதிப்பொருளும் கலந்திருந்தது. நான் வேண்டாம் என்றேன். சயாமாவும் வேண்டாம் என்றார். மகளுக்கு வருத்தம்தான். ‘நான் இவ்வளவு தூரத்திலிருந்து வேறு என்ன செய்ய முடியும் அண்ணா?’ என்று கேட்டாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

பிரஷர் மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்றும் கேட்டோம். இரவில் போட்டால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும் என்று ஸ்பெயினிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது, பலரும் மாறினார்கள். பிறகு 2022-ல் பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது, காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. மறக்காமல் போடும் நேரமே நல்ல நேரம் என்றார் சயாமா. அவர் மாற்றியது ஒன்றுதான்: நீர் பிரிக்கும் மாத்திரையைக் காலைக்குக் கொண்டுவந்தார், உப்பை இன்னும் கண்டிப்பாகக் குறைக்கச் சொன்னார்.

யார் எழுவது

ஆக, மாத்திரையால் இரவைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றால், இரவையே கொடுக்க வேண்டியதுதான். நம்மால் கரண்ட் நேரத்தை மாற்ற முடியாது. ஆனால் கரண்ட் வரும்போது யார் எழுவது என்பது வீட்டுக்குள் முடிவாகிற விஷயம். மின்சாரத்தைக் குறை சொல்லிவிட்டு இதைப் பேசாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யாங்கோனின் தாமுவே பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று இளவட்டங்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் போனைச் சார்ஜில் போட எழுந்து வந்து, மோட்டார் பக்கத்தில் நிற்கும் அம்மாவைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அம்மா எழுவதுதான் வழக்கம், அவ்வளவுதான். நோயாளிக்கு நாப்பி ஊற்றிப் பரிமாறினால் நாலு பேர் கேட்போம். அவரையே ஒரு மணிக்கு எழுப்பி வேலை வாங்கினால் யாரும் கேட்பதில்லை.

சின்னம்மா வீட்டில் இதைப் பேசுவது சுலபமாக இல்லை. “ஆம்பளப் பிள்ளைக்கு அரிசி களையத் தெரியுமா?” என்றார் முதலில். அப்புறம், மருமகள் காலையில் வேலைக்குப் போக வேண்டியவள், அவளை எழுப்புவது பாவம் என்றார். அதில் உண்மை இருக்கிறது. சுமையை ஒரு பெண் தலையிலிருந்து இறக்கி இன்னொரு பெண் தலையில் வைப்பது தீர்வாகாது. கடைசியில் தம்பி மோட்டாரையும் சார்ஜையும் ஏற்றுக்கொண்டான். அரிசியைச் சாயங்காலமே களைந்து குக்கரில் போட்டு வைத்துவிட்டால் அவன் சுவிட்சைத் தட்டினால் போதும். துணி பகலில் கரண்ட் வரும் நாள்வரை காத்திருக்கும். சின்னம்மாவின் அறைக்கு அடர்த்தியான திரை போட்டோம். சிறுநீர் கழிக்கப் போகும் வழியில் தரையோடு தரையாக ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. விழுந்துவிடாமல் இருக்க அது போதும். இருந்தும், தெருவில் ‘மீ லாபி’ கேட்டதும் பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தம்பி போய், “படும்மா, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். இரவு அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உப்பு குறைந்ததாலா, நீர் மாத்திரையைக் காலையில் போடுவதாலா, படுத்துக் கிடப்பதாலா என்று ஒரு வீட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அதனால்தான் சயாமா அடுத்த தடவை 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் பிரஷர் கருவியைக் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கரண்ட் நள்ளிரவில் வரும் நாளில் ஒரு தடவை, பகலில் வரும் நாளில் ஒரு தடவை கட்ட வேண்டும். எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது, யார் எழுந்தார்கள் என்பதையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். மருமகள் அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். மோல்மீனிலோ பெகுவிலோ வீட்டில் சிறுநீரக நோயாளி இருப்பவர்கள், பேட்டரி மெஷின் இருந்தால், நடு இரவில் படுத்தபடியே ஒரு தடவை பிரஷரைப் பாருங்கள். வரும் அளவை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். அவராகக் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.